உழவும் இரும்பும்: கொழு வணிகன் காலமும் இக்காலமும்

விவசாயத்திற்கு இன்றியமையாத நிலம், நீர், விதை, எரு என்னும் நான்கைப் பற்றியும் விவசாயப் பத்திரிகைகள் ஓயாமல் எழுதி வருகின்றன. ஐந்தாவது சாதனமாகிய இரும்பைப் பற்றி நாம் அதிகமாய்ச் சிந்திப்பதில்லை. கொழு முதல் கதிர் அரிவாள் வரையில் நிலத்தைத் தொடும் கருவி ஒவ்வொன்றும் இரும்பின் முனையைக் கொண்டே வேலை செய்கிறது. அம்முனை மழுங்கியிருந்தால் மாட்டின் பலமும், டிராக்டரின் எண்ணெயும், ஆளின் கூலியும் வீணாகும். ஆகையால் இரும்பு நம் நாட்டில் எவ்வாறு விளைந்தது, அதற்கு உறுதி எவ்வாறு ஊட்டப்பட்டது, அவ்வித்தை இன்று எந்நிலையில் உள்ளது என்பவற்றை மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம். அவனியாபுரத்தைச் சுற்றிய மதுரைச் சமவெளியையே பெரும்பாலும் உதாரணமாகக் கொண்டு அவ்விவரங்களை இங்கே சுருக்கமாய்க் கூறுவோம்.

மலையில் பொறித்த கொழு

மதுரைக்கு வடக்கேயுள்ள அழகர் மலையில், சமண முனிவர் தங்கிய குகைத்தளம் ஒன்று உண்டு. அங்கே பாறையில் பழைய தமிழ் எழுத்துக்களில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று எழுத்தாராய்ச்சி வல்லுநர் கணித்துள்ள அச்சாசனங்கள், அறம் செய்த மதுரை வியாபாரிகளைக் குறிப்பவை. உப்பு வணிகன், அறுவை வணிகன் ஆகியோருடன் பொன்கொல்லன் ஒருவனும், கொழு வணிகன் ஒருவனும் அங்கே காணப்படுகின்றனர்.

கொழு வணிகன் என்பது நம் கவனத்திற்குரிய சொல். கொழுவை மட்டும் விற்று ஒருவன் பிழைக்கவும், தருமம் செய்யுமளவு பொருள் ஈட்டவும் வேண்டுமானால், அதை விலைக்கு வாங்கும் குடியானவர் சுற்றிலும் ஏராளமாய் இருந்திருத்தல் வேண்டும். அவர்களுக்குக் கொழு அடித்துக் கொடுக்கும் உலைக்களங்களும் இருந்திருத்தல் வேண்டும். அன்றியும் அவ்வெழுத்தை வெட்டிய உளியே எஃகுக்குச் சாட்சி. கருங்கல்லில் எழுத்துப் பொறிக்கப் பச்சை இரும்பு உளி உதவாது. காய்ச்சித் தோய்த்துக் கெட்டிப்படுத்திய முனையே வேண்டும். அவனியாபுரத்திற்கு அண்மையிலுள்ள திருப்பரங்குன்றத்தின் கற்படுக்கைகளைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வார்கள்.

செம்பும் இரும்பும்

உலகத்தில் மனிதன் முதலில் உருக்கிக் கையாண்ட உலோகங்களுள் முக்கியமானது செம்பு. அது 1,085 டிகிரிச் சூட்டில் உருகிவிடும். செம்புடன் வெள்ளீயம் சேர்த்தால் வெண்கலமாகும்; அது செம்பைவிடக் கடினமானது. மேற்காசியா, எகிப்து, சிந்து நதிப் பிரதேசம் முதலிய இடங்களில் வெண்கலமே நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தது. ஆனால் வெள்ளீயம் எங்கும் கிடைப்பதன்று. ஆகவே வெண்கலக் கருவி எளிய குடியானவன் கைக்கு எட்டாத பொருளாயிருந்தது. இரும்புக் கல்லோ பல இடங்களிலும் அகப்படும். அதனைப் பிரித்தெடுக்கும் வித்தை தெரிந்த பிறகுதான் உலோகக் கருவி உழவனிடம் வந்து சேர்ந்தது. காடு திருத்தியதும், கண்மாய் வெட்டியதும், கெட்டி நிலத்தை ஆழ உழுததும் இரும்பின் உதவியாலேயே பெருகின.

தமிழ்நாட்டில் இரும்பு மிகப் பழமையானது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876ஆம் ஆண்டில் ஜாகர் என்னும் ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீயும் தாழிகளைத் தோண்டி, இரும்பாயுதங்களையும் வெண்கலப் பாத்திரங்களையும் வெளிப்படுத்தினர். கிருஷ்ணகிரி ஜில்லா மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்தது. 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், தூத்துக்குடி ஜில்லா சிவகளையில் இரும்புடன் கிடைத்த பொருள்களின் காலம் கி.மு. 3345 வரையில் செல்வதாகக் கூறப்பட்டுள்ளது. இவ்வளவு பழமைக்கு இன்னும் பல இடங்களிலிருந்து சான்று வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். எப்படியாயினும், நம் முன்னோர் இரும்பை வெகு காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை. மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் தூரத்திலுள்ள கீழடியிலும் இரும்புப் பொருள்கள் கிடைத்திருக்கின்றன.

இரும்பு விளைந்த விதம்

பழங்கால உலை களிமண்ணாற் கட்டிய சிறு கூண்டு. அதில் மரக்கரியையும் உடைத்த இரும்புக் கல்லையும் மாற்றி மாற்றி இட்டு, தோல் துருத்தியால் இடைவிடாது ஊதுவார்கள். கரி எரியும்போது எழும் வாயு, கல்லிலுள்ள பிராணவாயுவைக் கவர்ந்துகொள்கிறது. இரும்பு மிஞ்சுகிறது. தனி இரும்பு உருகுவதற்கு 1,538 டிகிரிச் சூடு வேண்டும். சிறு உலையில் அவ்வளவு சூடு ஏறாது. ஆகையால் இரும்பு உருகாமல், கடற்பஞ்சு போன்ற கட்டியாய்த் திரளும். அதனைச் சூட்டோடு எடுத்துச் சம்மட்டியால் அடித்துக் கிட்டத்தை வெளியேற்றினால் பச்சை இரும்பு கிடைக்கும். அது வளையும், நீளும். ஆனால் முனை நிற்காது.

பச்சை இரும்பில் கரிச்சத்து மிகக் குறைவு. அதில் நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒன்றரைப் பங்கு வரையில் கரிச்சத்து ஏறினால் எஃகாகிறது. இரண்டு பங்குக்கு மேற்பட்டால் வார்ப்பிரும்பாகி, அடித்தால் உடைந்துபோகும். இரும்பின் சரித்திரம் முழுவதையும் இரண்டே கேள்விகளில் அடக்கிவிடலாம்: கரிச்சத்து எவ்வளவு ஏறியது? எவ்வாறு ஆறவிடப்பட்டது? இவ்விரண்டையும் அறிந்தவனே நல்ல கொல்லன்.

சேலம், திருச்சிராப்பள்ளிப் பிரதேசங்களில் கொல்லர் எஃகு செய்த முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேரிற் கண்டோர் எழுதி வைத்துள்ளனர். பச்சை இரும்புத் துண்டுகளை ஒரு சிறு மண் மூசையில் இட்டு, அதனோடு உலர்ந்த ஆவாரங்குச்சிகளைச் சேர்த்து, எருக்கிலை முதலியவற்றால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இவ்வாறான 20 அல்லது 24 மூசைகளை உலையில் அடுக்கி, சுமார் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். குச்சியும் இலையும் கரிந்து கரிச்சத்தைத் தர, அதனை ஏற்ற இரும்பு குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். ஆறியபின் மூசையை உடைத்தால் ஒரு சிறு எஃகு உருண்டை கிடைக்கும். நாம் வயலில் தழையெருவாக மிதிக்கும் அதே ஆவாரையும் எருக்குமே அன்று எஃகுக்கும் எருவாயின. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில், 1985 முதல் நடந்த ஆராய்ச்சிகளில் இரும்பு உருக்கிய உலைகளும் எஃகு செய்த அடையாளங்களும் வெளிப்பட்டன. ஆகவே இவ்வித்தை 2,000 ஆண்டுப் பழமை உடையது என்று கொள்ளலாம்.

இந்த எஃகை ஐரோப்பியர் ஊட்ஸ் என்று அழைத்தனர். உருக்கு அல்லது உக்கு என்னும் தென்னாட்டுச் சொல்லின் திரிபே அது. புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்கள் இவ்வகை எஃகினால் ஆனவை. 1795ஆம் ஆண்டில் ஜார்ஜ் பியர்சன் என்பவர் இதனைப் பரிசோதித்து லண்டன் ராயல் சங்கத்தில் ஒரு வியாசம் வாசித்தார். பின்னர் மின்சார ஆராய்ச்சியால் பெரும் புகழெய்திய மைக்கேல் பாரடேயும் 1819 முதல் சில ஆண்டுகள் இதன் இரகசியத்தை ஆராய்ந்தார். நம் கிராமத்து உலையில் விளைந்த பண்டத்தை அறியப் பேரறிஞர்கள் முயன்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

உலைகள் அணைந்த வரலாறு

இத்தகைய வித்தை ஏன் அழிந்தது? 1830ஆம் ஆண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர், கும்பினி சர்க்காரின் ஆதரவோடு பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலம் பகுதியின் கல்லை நீர்வழியே கொண்டுவந்து, மரக்கரியால் உருக்கினர். கரிக்காகக் காடுகள் வெகு தூரம் வரை வெட்டப்பட்டன, செலவு பெருகிற்று. அரை நூற்றாண்டு நிறைவதற்குள் அவ்வாலை மூடப்பட்டது. ஹீத் இங்கிலாந்து திரும்பி, 1839இல் எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஷெபீல்டு நகரத்து எஃகுத் தொழில் அதனாற் பெரிதும் இலாபமடைந்தது.

1856இல் பெஸ்ஸமர் என்பவர், உருகிய இரும்பினூடே காற்றைச் செலுத்திக் குறைந்த செலவில் டன் கணக்கில் எஃகு செய்யும் முறையை வெளியிட்டார். அதே 1856இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில் தென்னாட்டின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. 1870களில் ரயில் மதுரைக்கும் வந்தது. சீமை இரும்புப் பட்டைகள் சந்தைதோறும் மலிவாய் இறங்கின. 1882ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டத்திற்குப் பிறகு கரிக்கு மரம் வெட்டுவதும் எளிதாயில்லை. ஒரு நாள் முழுதும் உலை ஊதிச் சில ராத்தல் இரும்பெடுத்த கொல்லன், கடைக்குச் சென்று சீமை இரும்பு வாங்கலானான். இவ்வாறு கல்லை இரும்பாக்கும் வித்தை நம் கிராமங்களை விட்டு நீங்கியது. இரும்பை அடித்து உருவாக்கிப் பதம் கொடுக்கும் வித்தை மட்டும் எஞ்சியது.

பின்னர் நாட்டில் பெருந்தொழிற்சாலைகள் தோன்றின. 1907இல் தொடங்கப்பெற்ற டாட்டா கம்பெனியார் 1912இல் சாக்சியில் எஃகு வார்த்தனர்; அவ்வூரே இன்றைய ஜாம்ஷெட்பூர். இரும்புக் கல்லுக்குப் பேர்பெற்ற கஞ்சமலையை அடுத்துச் சேலம் உருக்காலை 1981-82இல் துருப்பிடியா எஃகுத் தகடுகளை உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. எஃகுக்கு இன்று நாட்டில் பஞ்சமில்லை. ஆனால் எந்த எஃகை எந்த வேலைக்கு, எப்பதத்தில் ஆக்குவது என்னும் அறிவுக்குத்தான் பஞ்சம் வருகிறது.

கலப்பையின் மாறுதல்

நாட்டுக் கலப்பை முழுதும் மரம். கொழு ஒன்றே இரும்பு. அது மண்ணைக் கீறுமே அன்றிப் புரட்டாது. இரண்டு சாலுக்கு இடையில் உழாத வரப்பு தங்கும். 1865இல் சைதாப்பேட்டையில் அமைந்த சர்க்கார் பரீட்சைப் பண்ணையில் சீமைக் கலப்பைகளும் நீராவிக் கலப்பையும் பரீட்சிக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை நம் மாடுகளுக்குப் பாரமானவை. விவசாயக் கல்வி 1906இல் கோயமுத்தூருக்கு மாறியபின், மண்ணைப் புரட்டும் இலேசான இரும்புக் கலப்பைகள் ஊர்தோறும் செய்து காட்டப்பட்டன. கோடையில் ஆழ உழுது மண்ணைப் புரட்டினால் கோரைக்கிழங்கும் கூட்டுப் புழுக்களும் வெயிலில் மாளும் என்பதைக் குடியானவர் கண்டு ஏற்றுக்கொண்டனர்.

இக்காலத்தில் பெரும்பாலும் டிராக்டரே உழுகிறது. சட்டிக் கலப்பை, ஐந்து கொத்து, ஒன்பது கொத்துக் கலப்பைகள், ரோட்டவேட்டர் ஆகியவை வந்துவிட்டன. ஒரு கொழு இருந்த இடத்தில் ஒன்பது கொழுக்கள் இருக்கின்றன. ஆகவே முனையின் தரம் முன்னையிலும் ஒன்பது பங்கு கவனிக்கத்தக்கதாயிற்று. சரளை கலந்த செவலில் கொழு விரைவில் தேயும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் தேய்மானம் குறைவாயினும், மழுங்கிய கொழு ஈரத்தில் மண்ணை அப்பி இழுவையைப் பெருக்கும். மழுங்கிய முனை ஆழம் பாயாமல் மேலோட்டமாய்ச் செல்வதால், மழைநீர் உள்ளே இறங்குவதும் குறைகிறது. மானாவாரி நிலத்தில் இது விளைச்சலையே பாதிக்கும் விஷயம்.

இரும்பை அறியும் வழியும் பதம் கொடுத்தலும்

சந்தையில் மலிவாய்க் கிடைக்கும் கொழுக்களும் மண்வெட்டிகளும் பல, கட்டடக் கம்பி போன்ற மெல்லிரும்பால் ஆனவை. அதில் கரிச்சத்து நூற்றில் ஏறக்குறையக் கால் பங்கே. எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் அது போதிய உறுதி பெறாது. லாரியின் வில்பட்டையோ நல்ல எஃகு. அதில் கரிச்சத்து அரைப் பங்குக்கு மேல் உண்டு. கிராமத்துப் பட்டறைகளில் அரிவாளுக்கு அதனையே விரும்புவது இக்காரணத்தால்தான். அவனியாபுரத்திற்குக் கிழக்கே, மானாமதுரை போகும் வழியிலுள்ள திருப்பாச்சேத்தி, அரிவாளுக்கு நாடறிந்த ஊர். கைப்பதம் தெரிந்த கொல்லருக்கு இன்றும் மதிப்புண்டு என்பதற்கு அவ்வூர் போதிய சான்று.

விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும்:

(1) சாணைச் சக்கரத்தில் இரும்பைத் தொட்டுப் பார்க்க. பொறிகள் நீண்ட கோடுகளாய் மட்டும் ஓடினால் மெல்லிரும்பு. பொறிகள் கிளைத்து நட்சத்திரம் போல் வெடித்தால் எஃகு.

(2) பதம் கொடுக்க முனையைச் செக்கச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். தக்க சூடு ஏறியதை அறிய ஒரு காந்தத்தை அருகிற் காட்டுக. காந்தம் இழுக்காத நிலைக்குச் சற்று மேலான சூடே தக்க சூடு. வெள்ளையாய்ப் பொறி பறக்கும்வரை காய்ச்சினால் எஃகு கெட்டுவிடும்.

(3) அவ்வாறு காய்ந்த முனையை உடனே தோய்த்தல் வேண்டும். வில்பட்டை எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் வெடிப்பு விழக்கூடும். எண்ணெயில் தோய்ப்பது பத்திரமானது.

(4) தோய்த்தவுடன் எஃகு கண்ணாடி போல் கெட்டியாயும் எளிதில் ஒடிவதாயும் இருக்கும். ஆகவே முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மீண்டும் இலேசாய்ச் சூடேற்றுக. முதலில் வைக்கோல் மஞ்சளும், பிறகு பழுப்பும், அதன்பின் ஊதாவும் நீலமும் தோன்றும். கதிர் அரிவாளுக்கு மஞ்சள் பழுப்பாகும் நிலையிலும், கல்லில் மோதும் கொழுவுக்கும் மண்வெட்டிக்கும் ஊதா நீலமாகும் நிலையிலும் சூட்டை நிறுத்துதல் தகும்.

(5) பதம் கொடுத்த முனையைச் சாணையில் நீலம் பாரிக்கும் வரை தேய்த்தாலும், முனைக்கு அருகில் மின்சாரப் பற்றவைப்புச் செய்தாலும் பதம் போய்விடும். சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொள்க. பற்றவைத்தபின் மறுபடியும் பதம் கொடுக்கச் செய்க.

(6) புதுக் கொழு வாங்கினால் ஒன்பதையும் ஒரே கடையில் வாங்கிவிடாமல், இரண்டு விதங்களைக் கலந்து மாட்டி, பத்து ஏக்கர் உழுதபின் நிறுத்துப் பார்க்க. டயர் ஓடும் தடத்திற்கு நேரேயுள்ள கொழு மற்றவற்றைவிட அதிகம் தேயும்; ஆகையால் வலப்புறமும் இடப்புறமும் ஒத்த இடங்களிலுள்ளவற்றையே ஒப்பிடுதல் வேண்டும். எது குறைவாய்த் தேய்ந்ததோ அதுவே, விலை சற்று அதிகமாயினும், இலாபம்.

பட்டறையைக் காப்பது யார் கடமை?

முற்காலத்தில் கொல்லனுக்குக் களத்திலேயே நெல் அளக்கும் வழக்கம் இருந்தது. அவ்வழக்கத்தில் குறைகளும் உண்டு. அளக்கும் நெல் பல இடங்களில் உழைப்புக்கு ஈடாகவில்லை. ஆயினும் உழவு தொடங்குமுன் ஊரின் கருவிகளெல்லாம் பட்டறைக்குச் சென்று திரும்பும் ஓர் ஒழுங்கு அதனால் நிலவிற்று. மாட்டுக்கு லாடம், வண்டிக்குப் பட்டை, ஏருக்குக் கொழு ஆகிய மூன்றும் ஆண்டு முழுதும் உலைக்கு வேலை தந்தன. வண்டியும் ஏரும் குறைந்தபின் பட்டறைகள் பல மூடப்பட்டன. கொல்லர் பிள்ளைகள் லேத்துப் பட்டறைக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டனர். அவர்கள் போனதில் பிழையில்லை. வேலையும் நியாயமான கூலியும் இருந்தால்தான் எவரும் தொழிலில் நிலைப்பர்.

அவனியாபுரம் 2011ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. வயல்கள் பல மனைகளாய் மாறின. ஆயினும் அதனைச் சுற்றிய கிராமங்களில் இன்னும் நெல்லும் மல்லிகையும் காய்கறியும் விளைகின்றன. கொழு தேய்ந்தால் பட்டணத்துக் கடைக்குச் சென்று புதிதாய் வாங்கி மாட்டுவதே இங்கு இப்போது வழக்கமாகி வருகிறது. களைக்கொத்தும் அரிவாளும் மழுங்கினால் தீட்டித்தர ஆளின்றி, கூலியாள் மழுங்கிய கருவியோடே நாள் முழுதும் உழைக்கிறார். கல்லை இரும்பாக்கும் வித்தை பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் கையைவிட்டுப் போனது. அதனைத் தடுக்கும் வல்லமை அக்காலத்துக் குடிகளுக்கு இல்லை. இரும்புக்குப் பதம் கொடுக்கும் வித்தையைக் காக்கும் வல்லமை நமக்கு உண்டு.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நிலமுடையோர் இருபது முப்பது பேர் கூடி, அருகிலுள்ள கொல்லர் ஒருவரிடம் ஆண்டுக்கு இருமுறை தங்கள் கருவிகள் முழுவதையும் பதம் செய்வதாய் முன்கூட்டிப் பேசி, முன்பணமும் கொடுத்தல் வேண்டும். நிச்சயமான வேலை கண்ணுக்குத் தெரிந்தால் அவர் உலையை அணைக்கமாட்டார். உதவிக்கு ஓர் இளைஞனையும் பழக்குவார். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும், வாடகையின்றியோ குறைந்த வாடகைக்கோ ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு கொட்டகைக்கு விதிப்படி வழி செய்யலாம். கண்மாய்களில் மண்டிய சீமைக் கருவேலத்தை அகற்றும்போது, அனுமதி பெற்று எரிக்கும் கரியில் ஒரு பகுதியைப் பட்டறைக்கு நியாய விலையில் கிடைக்கச் செய்யலாம். காட்டை அழிக்காமல் உலைக்குக் கரியும், கண்மாய்க்கு நீர்ப்பிடிப்பும் இதனால் ஒருங்கே கிடைக்கும்.

ஆடிப்பட்டத்திற்கு முன் ஒருமுறையும், புரட்டாசி விதைப்புக்கு முன் ஒருமுறையும் கருவிகளைப் பரிசோதிப்பது எனக் குறித்துக்கொள்ளுதல் நலம். கொழுக்களைக் கழற்றி நிறுத்து, எடையைச் சுவரில் எழுதி வைத்தால் அடுத்த பருவத்தில் தேய்மானம் எவ்வளவு என்பது கணக்காய்த் தெரியும். கருவியின் கணக்கும் விதைக் கணக்கைப் போல் எழுதி வைக்கத்தக்கதே. விவரம் வேண்டுவோர் தங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ கேட்டறியலாம். பட்டறைக்குப் போகும்போது கருவியோடு ஒரு காந்தத்தையும் எடுத்துச் செல்க. கொல்லர் வேலை செய்யும்போது அருகில் நின்று கவனித்து, தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்க.